மண்ணுக்கு உறை ஊற்றுதல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளைக்கு ஒரு நிபந்தனை உண்டென்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். பேச்சு தமிழில் இருக்க வேண்டும். அறிவியல் படிக்காத ஒருவர் வீட்டுக்குப் போய்த் தம் வீட்டாருக்கு அதைத் திருப்பிச் சொல்ல முடிய வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் மண் நுண்ணுயிரியல் நடத்திப் பழகியவனுக்கு இது எளிய நிபந்தனை அல்ல. எப்படித் தொடங்குவது என்று பல நாள் யோசித்தேன். கடைசியில் எனக்கு வழிகாட்டியவர், பள்ளிக்கூடமே போகாத ஒரு மூதாட்டி.

நான் பணியில் சேர்ந்த புதிது. விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமத்தில் நிலக்கடலைக்கு ரைசோபியம் என்னும் நுண்ணுயிரை இட்டுக் காட்டும் செயல்விளக்கத் திடல் அமைத்தோம். வயலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் நுண்ணுயிர் கலந்த விதையும் மறுபாதியில் வெறும் விதையும் ஊன்றினோம். அறுவடை நாளில் ஊரைக் கூட்டி எடை போட்டால், இரண்டு பாதிக்கும் வேறுபாடே இல்லை. கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. நிலத்துக்காரரின் தாயார் மட்டும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் பொட்டலத்துல என்னாதான் தம்பி இருந்துது?”

“உயிருங்க ஆத்தா. கண்ணுக்குத் தெரியாது. வேர்ல போயி உக்காந்து பெருகும்.”

“ஒறை மோரு மாதிரின்னு சொல்லு.”

“ஆமாங்க ஆத்தா.”

“கொதிக்கிற பால்ல ஒறை ஊத்துனா தயிரா ஆவும்? ஒறை கெட்டிருந்தாலும் ஆவாது. பாலே இல்லாத சட்டியில ஊத்துனாலும் ஆவாது. இதுல எதை நீ செஞ்ச?”

எனக்கு அன்று பதில் தெரியவில்லை. இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்கு நான் காலம் கடந்து சொல்லும் பதில்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘நுண்ணுயிர் உரம்’, ‘உயிர் உரம்’ என்று நாம் வைத்த பெயரே நம்மைத் திசைமாற்றிவிட்டது. உரம் என்றதும் உழவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடுகிறது: இத்தனை மூட்டை போட்டால் இத்தனை பச்சை. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். ஈரம் படாமல் வைத்தால் அடுத்த ஆண்டும் அதே 46தான். நுண்ணுயிர்ப் பொட்டலத்தில் அப்படி அளந்து போடும் சத்து கிடையாது. சத்தைத் தேடித் தரும் உயிர்தான் இருக்கிறது. ஆகவே அதை உறையாக எண்ணித் தயாரிக்க வேண்டும், உறையாகக் காக்க வேண்டும், உறையாக இட வேண்டும், உறையிடம் எதிர்பார்ப்பதையே அதனிடம் எதிர்பார்க்க வேண்டும். உரமாக எண்ணும் இடத்தில் எல்லாம் அது நம்மைக் கைவிடும். இதை ஐந்து கூறுகளாக விளக்குகிறேன்.

1. எந்தப் பாலுக்கு எந்த உறை

பயறு விளைந்த மண் அடுத்த பயிருக்கு வளம் தரும் என்பது உழவர்களுக்குப் பழைய செய்தி. ஏன் என்பதற்கு விடை கிடைத்தது 1886-இல்தான். ஜெர்மானியரான ஹெல்ரீகலும் அவருடைய துணைவர் வில்ஃபார்த்தும் சுட்டுத் தூய்மையாக்கிய மணலில் பட்டாணியை வளர்த்தார்கள். செடி நோஞ்சானாக நின்றது. வயல்மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியதும் வேரில் முடிச்சுகள் தோன்றின, செடி தழைத்தது. ஓட்ஸ் செடிக்கு அதே நீரை ஊற்றியபோது அந்தப் பயன் கிடைக்கவில்லை. மண்நீரில் இருந்த ஏதோ ஓர் உயிர் காற்றின் நைட்ரஜனைப் பட்டாணிக்கு மட்டும் பிடித்துக் கொடுக்கிறது என்று புரிந்தது. இரண்டே ஆண்டில், 1888-இல், ஹாலந்து நாட்டு பைஜெரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்தெடுத்தார்.

ஜெர்மனியின் நோபேவும் ஹில்ட்னரும் 1896-க்குள் அதற்குக் காப்புரிமை வாங்கி ‘நைட்ரஜின்’ என்ற பெயரில் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். பயிருக்குப் பயிர் தனித்தனி வளர்ப்பு விற்றார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. உறை பொதுவானதல்ல என்பது இந்தத் தொழிலின் முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது.

பயறுச் செடியின் வேர் ஃபிளவனாய்டு என்னும் வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. அதைப் புரிந்துகொள்ளும் ரைசோபியம், அதாவது பைஜெரிங்க் பிரித்தெடுத்த அந்த பாக்டீரியா வகை, தன் பங்குக்கு ஒரு வேதிக்குறிப்பை அனுப்புகிறது. குறிப்பு பொருந்தினால்தான் வேர்த்தூவி சுருண்டு வழிவிடும். ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் பார்த்து நடக்கும் சம்பந்தம் இது. சோயாவுக்கு உரிய பிராடிரைசோபியத்தைக் கொண்டைக்கடலைக்கு இட்டால் வாசற்படியோடு திரும்ப வேண்டியதுதான்.

பூஞ்சைகளிலும் இந்தப் பொருத்தம் உண்டு. வேம் என்று நம் உழவர்கள் சொல்லும் வேர்ப்பூஞ்சை, நிலத்துத் தாவரங்களில் பெரும்பாலானவற்றோடு உறவு வைத்துக்கொள்ளும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகிய ஒரே குடும்பத்துப் பயிர்களோடு வைத்துக்கொள்ளாது. அந்தப் பயிர்களுக்கு வேம் வாங்கிப் போடுவது காசைக் குழியில் போட்டு மூடுவதற்குச் சமம்.

பொருத்தம் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு பிரேசில் சான்று. சோயா சீனத்துப் பயிர். பிரேசில் மண்ணுக்குப் புதிது. அதற்கு முடிச்சுப் போடும் பாக்டீரியா அங்கே இருக்கவில்லை. செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து பிரேசிலில் குடியேறிய ஜோஹன்னா டோபரைனர் என்ற பெண் விஞ்ஞானி, நைட்ரஜன் உரம் இடாமல் பாக்டீரியாவை நம்பியே சோயா ரகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். ஒரு டன் சோயா மணி விளைய ஏறத்தாழ 80 கிலோ நைட்ரஜன் தேவை. அவ்வளவையும் யூரியாவாக இறக்குமதி செய்தால் கட்டுப்படியாகாது என்ற கணக்கும் அவர் பக்கம் நின்றது. அந்த நாட்டு உழவர்கள் சோயாவுக்குப் பெரும்பாலும் நைட்ரஜன் உரம் இடுவதில்லை. பாக்டீரியாவை ஆண்டுதோறும் விதையோடு இடுகிறார்கள். டோபரைனரின் வழியில் வந்த மரியாஞ்செலா ஹங்ரியாவுக்கு 2025-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அவர் உருவாக்கிய நுண்ணுயிர்த் தொழில்நுட்பங்கள் 4 கோடி ஹெக்டேருக்கு மேல் பயன்படுகின்றன என்று பரிசு அறிவிப்பு சொன்னது.

அங்கே வெற்றி கிடைத்ததற்கு ஒரு காரணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த மண்ணில் சோயாவின் பந்தியில் இலை காலியாக இருந்தது. இந்தக் காரணத்துக்குப் பிறகு திரும்பி வருவோம்.

2. உறை உயிரோடு இருக்கிறதா

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் நுண்ணுயிர் உரங்கள் 2006-இல் கொண்டுவரப்பட்டன. அதன்படி தூள் வடிவில் உள்ள ரைசோபியம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்றவற்றில் ஒரு கிராமுக்கு 5 கோடி உயிரணுக்களாவது இருக்க வேண்டும். திரவ வடிவில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 கோடி. அளவுகோல் வந்தது நல்லதே. பிரேசிலில் ரைசோபியத்துக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு ஒரு கிராமுக்கோ மில்லிலிட்டருக்கோ 100 கோடி. தூளில் நாம் திருப்தி அடையும் இடத்தைப் போல இருபது மடங்கில் அவர்கள் தொடங்குகிறார்கள்.

எண்ணிக்கை ஏன் குறைகிறது? பாக்டீரியாவைப் பொட்டலத்தில் அடைக்க ஓர் ஊடகம் வேண்டும். நம் ஊரில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரித் தூள் அதற்குப் பயன்பட்டு வருகிறது. நல்ல ஊடகம்தான், ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதை முறையாகத் தூய்மைப்படுத்தாமல் பாக்டீரியாவைக் கலந்தால், தூளில் ஏற்கெனவே இருந்த வேறு உயிர்கள் பெருகி நம் ஆளை விழுங்கிவிடும். பொட்டலம் கனமாக இருக்கும். உள்ளே வேறு யாரோ குடியிருப்பார்கள்.

அடுத்தது வெயில். இந்த பாக்டீரியாக்களில் பல 40 பாகை செல்சியஸைத் தாண்டினால் விரைவாக மடியும். சித்திரை மாதத்தில் ஒரு கிட்டங்கிக்குள் போனேன். தகரக் கூரை. யூரியா மூட்டைகளின் மேல் நுண்ணுயிர்ப் பொட்டலங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பொறுப்பாளரைக் கேட்டேன். “ரெண்டும் உரம்தானே சார், ஒரே இருப்புப் பதிவேடுதான்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெயரில் ‘உரம்’ என்று எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். அதே கட்டடத்தில் பால் வைக்க வேண்டியிருந்தால் அவர் அந்த மூட்டைகளின் மேல் வைத்திருக்க மாட்டார்.

பாலுக்குக் குளிர்ச்சங்கிலி வேண்டும் என்று யாரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் வீட்டு வாசலுக்குப் பால் பை கெடாமல் வந்து சேர்வதற்கு ஒரு பெரிய ஏற்பாடே இயங்குகிறது. நுண்ணுயிர்ப் பொட்டலத்துக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை. நிழலும் காற்றோட்டமும் போதும். தூள் வடிவத்துக்கு ஆறு மாதம், திரவத்துக்கு ஓராண்டு என்று பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் கெடு, நிழலில் வைத்திருந்தால் மட்டுமே செல்லும்.

கடைசியில் விதை நேர்த்தி செய்யும் இடத்திலேயே சாவதும் உண்டு. கார்பென்டாசிம், திராம் போன்ற பூசணக்கொல்லித் தூளையும் நுண்ணுயிரையும் ஒரே சாக்கில் போட்டுக் குலுக்குவது பல ஊர்களில் வழக்கம். பூசணக்கொல்லியை முதலில் இட்டு, 24 மணி நேரம் கழித்து நுண்ணுயிரை ஆறிய கஞ்சியில் குழைத்து, விதையில் பூசி நிழலில் அரை மணி உலர்த்த வேண்டும். ஆறிய கஞ்சி என்பதில் ‘ஆறிய’ என்ற சொல்லை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மூதாட்டி சொன்ன கொதிக்கும் பால் இதுதான்.

3. பால் எங்கே

உறை நன்றாக இருக்கிறது. ஊற்றுவதற்குச் சட்டியில் பால் இருக்கிறதா?

நைட்ரஜின் விற்ற அதே ஹில்ட்னர் 1904-இல் வேரைச் சூழ்ந்த மண்ணுக்கு ‘ரைசோஸ்பியர்’ என்று பெயர் சூட்டினார். நாம் வேர்மண்டலம் என்கிறோம். வேர் வெறும் உறிஞ்சுகுழல் அல்ல. சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் என்று பலவற்றைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். வேர்ப்பூஞ்சைக்கு மட்டும் செடி தான் ஆக்கிய சர்க்கரையில் 4 முதல் 20 விழுக்காடு வரை கொடுக்கிறது என்று கணித்திருக்கிறார்கள். இலவசச் சேவை என்று ஒன்று மண்ணுக்குள் கிடையாது. காற்றில் உள்ள ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை அம்மோனியாவாக்கக் குறைந்தது 16 ஏடிபி, அதாவது செல்லின் சில்லறைக் காசு பதினாறு, செலவாகிறது. நாம் விதையில் பூசும் பாக்டீரியாவுக்கு அந்தக் காசு செடியின் சர்க்கரையிலிருந்தோ மண்ணின் மக்கிலிருந்தோ வர வேண்டும்.

மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். அங்ககக் கரிமம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று இருக்கும். நம் மானாவாரிச் செம்மண் காடுகளுக்கு வரும் அட்டைகளில் நான் அதிகம் கண்ட சொல் அதுதான். தழையும் சாணமும் போகாத மண், பால் இல்லாத சட்டி. அதில் எந்த உறையை ஊற்றினாலும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு ஹெக்டேருக்கு 2 கிலோ நுண்ணுயிரை 25 கிலோ மக்கிய தொழு உரத்தோடு கலந்து தூவச் சொல்வது சீராகப் பரவுவதற்காக மட்டும் அல்ல. புகுந்த வீட்டில் முதல் சில நாள் சாப்பாடு வேண்டுமே என்பதற்காகவும்தான். அந்த 25 கிலோ சீர்வரிசை. குடும்பம் நடத்த அது போதாது.

இதற்கு நேர்மாறான சட்டியும் உண்டு. 45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50-க்குக் கிடைக்கிறது. அந்த விலையில் கை தாராளமாகிறது. உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் அடியுரமாக யூரியாவை அள்ளி இட்டால், அந்தச் செடி முடிச்சுப் போடுவதையே நிறுத்திக்கொள்ளும். பந்தியில் சோறு பரிமாறும்போது யார் அடுப்பு மூட்டுவார்கள்? பல இடங்களில் ரைசோபியமும் போட்டு யூரியாவும் கொட்டிவிட்டு, ‘பாக்டீரியா வேலை செய்யவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். வேலை கொடுக்கப்படவே இல்லை என்று எழுதியிருக்க வேண்டும்.

பேரூட்டத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரஜனேஸ் நொதியின் மையத்தில் மாலிப்டினமும் இரும்பும் இருக்கின்றன. அமில மண்ணில் மாலிப்டினம் செடிக்கு எளிதில் கிடைக்காது. சுண்ணாம்பு இட்டு மண்ணைச் சரிசெய்யாமல் அங்கே ரைசோபியம் இடுவது வீண்.

பால் நிறைந்த சட்டிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் நெல் வயலைக் காட்டுவேன். நூற்றாண்டுக் கணக்கில் நெல்லே விளைந்தும் மண் ஏன் முற்றிலும் சோர்ந்துவிடவில்லை? தேங்கிய நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகள் நைட்ரஜனைச் சேர்ப்பதுதான் காரணம் என்று 1939-இல் பி.கே. டே என்னும் வங்காள அறிஞர் காட்டினார். யாரும் வாங்கி ஊற்றாத உறை அது. நாற்று நடுவதற்கு முன் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிறோமே, அந்தப் பழக்கத்தில் உறையும் பாலும் சேர்ந்தே மண்ணுக்குள் போகின்றன. மணிலா அகத்தியோ வேரில் மட்டுமன்றித் தண்டிலும் முடிச்சுப் போடுவது. நீர் தேங்கிய வயலுக்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

4. மண்ணைக் காய்ச்ச முடியாது

இது வரை மூதாட்டியின் உவமை என்னைக் கைப்பிடித்து அழைத்து வந்தது. இந்த இடத்தில் அது நின்றுவிடுகிறது. நிற்கும் இடத்தில்தான் அறிவியலின் கடினமான பகுதி தொடங்குகிறது.

தயிர் ஏன் ஒவ்வொரு நாளும் தோய்கிறது? பாலைக் காய்ச்சிவிடுகிறோம். இருந்த உயிர்களில் பெரும்பாலானவை மடிந்த வெற்றிடத்தில் உறை போய் ஆட்சி செய்கிறது. வயல்மண்ணை யாரும் காய்ச்ச முடியாது. அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள் உண்டு.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேருக்கு 2 கிலோ. கிராமுக்கு 5 கோடி என்றால், நாம் அனுப்பும் படை 10,000 கோடி. பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஒரு ஹெக்டேரில் உழவு ஆழத்து மண் ஏறத்தாழ 20 லட்சம் கிலோ. அதில் கிராமுக்குக் குறைத்து மதிப்பிட்டாலும் 10 கோடி பாக்டீரியா இருக்கும். வகுத்துப் பார்த்தால், நம் பாக்டீரியா ஒன்றுக்கு எதிரே உள்ளூர்க்காரர்கள் 20 லட்சம் பேர். வேட்டி கட்டிக்கொண்டு கட்டுச்சோற்றோடு போய் இறங்கும் ஒருவரைத் திருச்சி மாநகரைப் போல் இரண்டு மடங்கு கூட்டத்துக்கு நடுவில் விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இது வீண்தானா? வீண் இல்லை, இடத்தைப் பொறுத்தது. அதே பாக்டீரியாவை வயல் முழுதும் தூவாமல் விதையில் பூசினால் கணக்கு மாறும். ஒரு ஹெக்டேருக்கு 60 கிலோ நெல் விதை. ஆயிரம் மணி 20 கிராம் என்று கொண்டால் 30 லட்சம் விதை. 600 கிராம் அசோஸ்பைரில்லத்தைப் பூசினால் ஒவ்வொரு விதையின் மேலும் 10,000 உயிரணு உட்கார்ந்திருக்கும். வேர் வெளியே எட்டிப் பார்க்கும் நொடியில் அங்கே இருப்பவர்கள் அவர்கள்தான். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது நமக்குத் தெரிந்த கலை. விதை நேர்த்தி அதுதான். நாற்றின் வேரைக் கரைசலில் நனைத்து நடுவதும் அதே தந்திரம்.

பிரேசிலில் இந்தத் துண்டு இன்னும் பெரிது. ஒரு சோயா விதைக்கு 12 லட்சம் உயிரணு என்று பரிந்துரைக்கிறார்கள். அங்கே சோயாவுக்குப் பழைய குடிகள் தொடக்கத்தில் இல்லை. இன்றோ, முன்பு இட்ட பாக்டீரியாவே மண்ணில் பழங்குடியாகிவிட்டது. அதோடு போட்டி போடத்தான் ஆண்டுதோறும் புதிய படையை அனுப்புகிறார்கள்.

இப்போது விருத்தாசலத்துக்கு வருகிறேன். நிலக்கடலை, உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு ஆகியவற்றுக்கு முடிச்சுப் போடும் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. பொருத்தம் அதிகம் பார்க்காதவை. தலைமுறை தலைமுறையாகக் கடலை விளைந்த அந்தச் செம்மண்ணில் அவை மண்டிக் கிடந்தன. நாங்கள் நுண்ணுயிர் இடாத பாதியிலும் வேர் நிறைய முடிச்சு இருந்ததை நான் அன்று குறித்து வைத்திருந்தேன், பொருள் புரியவில்லை. பந்தியில் இலை காலியாக இல்லை. ஏற்கெனவே தோய்ந்த தயிரில் நான் உறை ஊற்றியிருக்கிறேன்! மூதாட்டியின் பட்டியலில் இல்லாத நான்காவது பிழை அது.

5. எவ்வளவு தயிர் எதிர்பார்க்கலாம்

நுண்ணுயிர்களின் பெயரைக் கெடுத்தவர்களில் அவற்றை வெறுத்தவர்களைவிட அவற்றை அளவுக்கு மீறிப் புகழ்ந்தவர்களே அதிகம்.

அசோஸ்பைரில்லத்தை எடுத்துக்கொள்வோம். 1970-களில் டோபரைனரின் குழு அதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தபோது, நெல்லுக்கும் கோதுமைக்கும் சோளத்துக்கும் இனி யூரியாவே வேண்டாம் என்ற கனவு பரவியது. பிறகு வந்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. அதன் பெரிய உதவி நைட்ரஜன் பிடிப்பதில் இல்லை. ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து வேரைக் கிளைக்கவைப்பதில் இருக்கிறது. வேர் பெருகினால் இட்ட உரமும் இருக்கிற நீரும் வீணாகாமல் செடிக்குப் போகும். ஆகவே தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், கால் பங்கைக் குறைத்து அசோஸ்பைரில்லத்தோடு இடலாம் என்பது நம்பத்தக்க பரிந்துரை. முக்கால் பங்கைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

பாஸ்போபாக்டீரியா மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, உண்டாக்காது. நைட்ரஜன் காற்றில் உண்டு. மணிச்சத்து காற்றில் இல்லை. ஆண்டாண்டாக நாம் இட்ட சூப்பர் பாஸ்பேட் கார மண்ணில் சுண்ணாம்போடும் அமில மண்ணில் இரும்பு, அலுமினியத்தோடும் பிணைந்து பூட்டிக் கிடக்கிறது. இந்த பாக்டீரியா அமிலத்தைச் சுரந்து பூட்டைத் திறக்கிறது. பெட்டியில் பணம் இருந்தால் சாவி பயன்படும்.

சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா ஆகியவை காவலாளிகள். விதையிலும் நாற்றிலும் முன்கூட்டியே இருத்தினால் வேரழுகலையும் வாடலையும் தடுக்கும். செடி சாய்ந்த பிறகு வாளியில் கரைத்து ஊற்றுவது, திருடன் போன பிறகு பூட்டு வாங்குவது.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், அமிர்தக் கரைசல் பற்றி இந்த மேடையில் கேட்பார்கள் என்று தெரியும். அவை வீட்டு உறை. எந்த உயிர், எத்தனை என்பது ஊருக்கு ஊர், வாளிக்கு வாளி மாறும். வீட்டு உறையில் நல்ல தயிர் தோய்வதும் உண்டு, ஒரு நாள் புளித்துப்போவதும் உண்டு. அவற்றை ஏளனம் செய்வது அறியாமை. அளந்து பார்க்காமல் வணங்குவதும் அதே அறியாமைதான்.

உறையைக் கொண்டு உரத்தை ஒரே நாளில் ஒழித்துவிடலாம் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் அண்டை நாடு சாட்சி. 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. மண் ஆயத்தமாகவில்லை, மாற்று கைவசம் இல்லை. அந்த ஆண்டே சீனாவிலிருந்து வந்த ஒரு கப்பல் இயற்கை உரத்தில் தீங்கான பாக்டீரியா இருப்பதாக இலங்கையின் பயிர்த் தொற்றுத்தடுப்புத் துறை சொன்னதால் சரக்கு ஏற்கப்படவில்லை. அனுப்பிய நிறுவனம் அதை மறுத்தது. இலங்கை பணம் கொடுத்து விவகாரத்தைத் தீர்த்தது. நவம்பரில் தடையும் விலக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் என்னும் அந்நாட்டின் முதன்மை நெல் பருவம் தொடங்கிவிட்டது. நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. இயற்கை வேளாண்மை தோற்றது என்று சிலர் இதிலிருந்து பாடம் எடுத்தார்கள். நான் எடுக்கும் பாடம் வேறு: உயிருக்குக் காலம் கொடுக்க வேண்டும், ஆணையிட்டால் பால் தோயாது.

முடிவாக

அன்பார்ந்த அவையோரே, இவ்வளவும் சொன்ன பிறகு மூன்று வேண்டுகோள்கள்.

தயாரிப்பாளர்களுக்கும் அரசுக்கும்: கிராமுக்கு 5 கோடி என்ற படியில் நிற்காதீர்கள். பொட்டலம் ஆலையை விட்டுப் புறப்படும்போது மட்டும் எண்ணாமல், உழவர் கையில் சேரும் நாளில் எத்தனை உயிர் இருக்கிறது என்று கடையிலிருந்தே எடுத்து எண்ணுங்கள். கிட்டங்கியில் யூரியாவுக்கு ஒரு மூலையும் உயிருக்கு ஒரு நிழல் மூலையும் ஒதுக்குங்கள்.

என் துறை மாணவர்களுக்கு: எங்கே வேலை செய்தது என்று மட்டும் கட்டுரை எழுதாதீர்கள். எங்கே வேலை செய்யவில்லை, அந்த மண்ணில் முன்பே யார் குடியிருந்தார்கள் என்று எழுதுங்கள். என் விருத்தாசலத் திடலை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை. வெட்கப்பட்டு மறைத்த அந்த ஒரு பக்கம் பிறகு வந்த எத்தனையோ பேருக்கு வழிகாட்டியிருக்கும்.

உழவர்களுக்கு: என்னைப் போன்றவர்களை நம்ப வேண்டாம், உங்கள் செடியைக் கேளுங்கள். உளுந்தோ கடலையோ பூவெடுக்கும் சமயத்தில், ஏறத்தாழ முப்பது முப்பத்தைந்தாம் நாளில், நான்கைந்து செடியை மண்ணோடு பெயர்த்தெடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை. அடுத்த பருவத்தில் விதை நேர்த்தியைச் செய்து பாருங்கள். நம் இரத்தத்துக்கு நிறம் தரும் பொருளின் உறவினரான லெக்ஹீமோகுளோபின் அங்கே இருந்தால், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்.

சிவந்திருந்தால் அந்தப் பயிருக்கு யூரியா வேண்டாம்.